பெரிய நாச்சியாரின் பச்சோந்திக்குப் பூச்சி போட்ட கதை

மலையடிவாரத்தில் வாகைக்குடி என்று ஒரு சின்ன ஜமீன். அந்த அரண்மனையில் தவசி, சங்கிலி, பூச்சியப்பன் என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மழை வந்தால், புதுக் குடை நனைந்துவிடுமே என்று சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடுகிற ஆட்கள். அதில் பூச்சியப்பன் கொஞ்சம் பயந்த சுபாவம். மற்ற இருவரும் யோசிக்க ஆரம்பித்தாலே அவன் வாசலைப் பார்ப்பான்.

ஜமீனின் பெரிய நாச்சியார் ஒரு பச்சோந்தி வளர்த்தார். அதற்குச் சின்னத்துரை என்று பேர். மகளுக்குப் பிரசவம் என்று சேதி வந்ததும், வண்டி ஏறுமுன் மூவரையும் கூப்பிட்டார்.

“இதுக்குத் தினமும் பூச்சி போடணும். ஒரே பூச்சியைப் போட்டா சலிச்சுப் போயிரும், மாத்தி மாத்திப் போடுங்க. செலவு கையைக் கடிக்கக் கூடாது. நான் வர்றப்போ இது இளைச்சிருந்துச்சோ, மூணு பேருக்கும் இங்க வேலை கிடையாது.”

வண்டி தெருமுனை திரும்பியது. தவசி தொண்டையைச் செருமிக்கொண்டு பூச்சியப்பனைப் பார்த்தான். சங்கிலியும் பார்த்தான்.

“பூச்சியைப் போடச் சொல்லிட்டாங்களேப்பா,” என்றான் தவசி.

“என்னையா?”

“நம்ம மூணு பேர்ல வேற யாருக்குப் பூச்சின்னு பேரு?”

சங்கிலிக்கு ஒரு சந்தேகம். “தினமும் போடணும்னாங்களே. இன்னைக்கே இவனைப் போட்டுட்டா நாளைக்கு?”

“அது வாயைப் பாரு, எம்புட்டுச் சின்னது! ஒரே நாள்ல தீர்த்திருமா? மிச்சம் இருக்கும்.”

பூச்சியப்பன் கூண்டை எட்டிப் பார்த்தான். “வலிக்குமா அண்ணே?” என்று மட்டும் கேட்டான்.

“அது தின்ன யாரும் இதுவரைக்கும் வந்து வலிச்சுதுன்னு சொன்னதில்லை,” என்றான் தவசி ஆறுதலாக.

பூச்சியப்பன் குளித்தான். வெளுத்த வேட்டி கட்டினான். கூண்டுக் கதவைத் திறந்து அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சின்னத்துரை ஒரு கண்ணால் அவனைப் பார்த்தது. இன்னொரு கண் சங்கிலி பக்கம் திரும்பியது.

“உன்னையும் பாக்குது சங்கிலி,” என்றான் பூச்சியப்பன் நம்பிக்கையோடு.

“மாத்தி மாத்தின்னாங்கல்ல, அடுத்த முறைக்குப் பாத்து வெச்சுக்குது,” என்று விளக்கினான் தவசி. சங்கிலி தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அந்த நேரம் ஓர் ஈ வந்து பூச்சியப்பன் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. சடாரென்று நாக்கு நீண்டது. ஈயைக் காணோம். பூச்சியப்பன், “செத்தேன்!” என்று மல்லாந்து விழுந்தான்.

இருவரும் ஓடிவந்து அவனைத் தடவிப் பார்த்தார்கள். கை இருந்தது, கால் இருந்தது, மூக்குகூட ஈரமாக இருந்தது.

“எல்லாமே இருக்கே,” என்றான் சங்கிலி. “அப்போ எதைத் தின்னுச்சு?”

தவசி வெகுநேரம் யோசித்தான். “பூச்சியைத் தின்னிருச்சு. இங்கே மிச்சம் கிடக்கிறது வெறும் அப்பன்.”

கீழே கிடந்தவனுக்கு அது சரியாகவே பட்டது. உள்ளே ஏதோ குறைந்த மாதிரிதான் இருந்தது. அன்றிலிருந்து அவன் அப்பன் ஆனான்.

பூச்சி தீர்ந்துபோனதால் இனி வேறு பூச்சி தேட வேண்டும். கூண்டைச் சுற்றி ஈ மொய்த்தது. “சே, இந்த ஈத் தொல்லை யோசிக்கவே விடமாட்டேங்குது. வாங்க, சந்தைக்குப் போய்ப் பூச்சி வாங்கலாம்,” என்று அப்பன் துண்டால் விசிறிக்கொண்டே கிளம்பினான்.

சந்தையில் முதலில் அரிசிக் கடை. “வண்டு இருக்கா?” என்றான் தவசி.

கடைக்காரருக்கு முகம் சிவந்தது. “என் அரிசியில ஒரு வண்டைக் காட்டு, கடையையே மூடுறேன்!”

மூவரும் அவருக்காக வருத்தப்பட்டார்கள். இவ்வளவு பெரிய கடை வைத்து ஒரு வண்டுக்கு வழியில்லையே!

அடுத்து காய்கறிக்காரம்மா. நல்ல கத்தரிக்காயை அப்பன் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, “சொத்தை இருக்கா தாயி?” என்றான். மாட்டுக்குக் கொட்ட வைத்திருந்த கூடையை அந்த அம்மாள் கண் இமைக்காமல் முன்னால் இழுத்தாள். “காய்க்கு ஒரு விலை, உள்ளே இருக்கிற புழுவுக்குத் தனி விலை. ரெண்டு புழு இருந்தா உங்க அதிர்ஷ்டம்.”

“செலவு கையைக் கடிக்குமா?” என்றான் தவசி.

“கையை வெச்சுப் பாரு.”

வைத்துப் பார்த்தார்கள். புழு கடிக்கவில்லை. அடடா, மலிவு! கூடையோடு வாங்கினார்கள்.

அன்று முதல் எந்தப் பூச்சியானாலும் கையில் விட்டுப் பார்ப்பதே வழக்கமானது. வெட்டுக்கிளி மலிவு. கரப்பான் மலிவு. கட்டெறும்பு அப்பனின் சுண்டுவிரலைப் பிடித்துத் தொங்கியது. “ஐயோ, செலவு! தாங்க முடியாத செலவு!” என்று அவன் முற்றம் முழுக்க ஓடினான். குளவி சங்கிலியின் கையைப் பணியாரமாக வீங்க வைத்தது.

“இது எதுல சேரும்?” என்று அழுதான் சங்கிலி.

“கடிச்சாத்தான் செலவு,” என்றான் தவசி. “இது கொட்டுச்சு. கணக்குல வராது.”

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் அப்பன் அலறினான். காலையில் இலைமேல் பச்சையாக இருந்தவரைக் காணோம். காய்ந்த கிளையில் மரநிறத்தில் வேறொருவர் இருக்கிறார்! தேடிக்கொண்டிருக்கும்போதே சாயங்காலம் மஞ்சளாக ஒருவர் வந்தார்.

“நாம நல்லாப் போடுறோம்னு வெளியில தெரிஞ்சு போச்சு,” என்றான் தவசி. “சொந்தக்காரங்க வர்றாங்க.”

“பச்சையர் சாப்பிட்டுட்டார். மரநிறத்தார் பாவம், இன்னும் பட்டினி,” என்றான் அப்பன். அவன் மனசு கேட்கவில்லை. காலையில் பச்சையருக்கு, மத்தியானம் மரநிறத்தாருக்கு, சாயங்காலம் மஞ்சளாருக்கு என்று வயிறார விருந்து நடந்தது. சின்னத்துரை பூசணிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி ஆனது.

நாச்சியார் திரும்பி வந்தார். கூண்டைப் பார்த்ததும் பூரித்துப் போனார். “இளைக்காம வெச்சிருக்கீங்களேடா! எப்படி?”

“மூணு பேருக்கும் குறை வைக்கலை தாயி,” என்றான் அப்பன் பெருமையாக.

“எந்த மூணு பேரு?”

அப்பன் விளக்கினான். விளக்க விளக்க நாச்சியார் முகம் சிவந்தது. கத்தரிக்காய்க் கூடையைச் சொன்னபோது இன்னும் சிவந்தது. வீங்கிய கையைச் சங்கிலி காட்டியபோது மிளகாய்ப் பழமாகிவிட்டது. “மடப்பயல்களா!” என்று அரண்மனை அதிரக் கத்தினார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பன் நாச்சியார் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தான். பிறகு தவசியைத் தனியே இழுத்தான்.

“அண்ணே, நாம அனுப்பி வெச்சது மாநிற அம்மா. வந்திருக்கிறது சிவப்பு அம்மா.”

“நானும் அதைத்தான் பாத்தேன். நம்ம அம்மா இன்னும் மக வீட்டுலதான் இருக்கணும்.”

சங்கிலி ஓடிப்போய் வண்டியைப் பூட்டினான். தவசி ஏறிக்கொண்டான். கடைசியாக ஏறிய அப்பன் மட்டும், வந்தவரை அப்படியே நிற்க வைத்துவிட்டுப் போவது மரியாதையில்லை என்று திரும்பிக் கைகூப்பினான்.

“எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்திர்றோம். அதுவரைக்கும், நீங்க யாராயிருந்தாலும், உள்ளே போய் உக்காருங்க தாயி.”