உச்சிவேளை மணி

"உச்சிவேளை நமக்கு ராசியே இல்ல சாமி. போருக்கு வேற நல்ல நேரமாப் பார்த்துக் குடுங்க."

மலையேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே தளபதி ஆண்டியப்பன் கேட்டுவிட்டார்.

குன்றுச்சாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தளபதியைவிடப் பத்து வயது இளையவர். இருந்தாலும் ஊருக்கே அவர்தான் குரு. எப்பேர்ப்பட்ட மீசைக்காரனும் அவர் முன்னால் பெட்டிப்பாம்பாய் அடங்கித்தான் உட்காருவான்.

"நேரத்தை நீங்களா குறிக்கிறீங்க? எதிரிதானே குறிக்கிறான்."

அதுவும் நிஜம்தான். நாடு விடுதலை வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. போன துரைமார் சும்மா இருப்பார்களா? கப்பல்களோடு திரும்பி வந்து கடலில் நின்றுகொண்டார்கள். இரண்டு தடவை கரையேறினார்கள், இரண்டு தடவையும் உச்சிவேளை. நம் ஆட்களை அடித்துத் துவைத்துவிட்டுப் போனார்கள். இன்னொரு தடவை வந்தால் துறைமுகம் போச்சு. அது போனால் நாடே போச்சு.

"ஆள் பத்தலையா?"

"இருக்கு சாமி."

"தைரியம்?"

"அதுக்கென்ன குறைச்சல்! என் அக்கா மகன் சடையன் எப்படிப்பட்டவன்! ஒரு குண்டுகூடச் சுடாம விழுந்துட்டான். துப்பாக்கி காலடியில கிடக்கு. தலைப்பாகை கசங்காமக் கக்கத்துல இருக்கு. அக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

சாமியின் கை கீரையிலேயே நின்றது.

"கக்கத்துலயா?"

"ஆமா."

சாமி அண்ணாந்து வெயிலைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க."

கீழே, துரை மாளிகை மணி அடித்தது.

துரைமார் காலத்துச் சட்டம் அது. தினமும் உச்சிவேளையில் மணி அடித்தால் கையில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டும். தலைப்பாகையோ துண்டோ, கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாளிகைப் பக்கம் குனிய வேண்டும். மறுமணி அடிக்கும்வரை நிமிரக்கூடாது. விடுதலை வந்த அன்றே கொடியை இறக்கினார்கள், சிலையை உடைத்தார்கள், சட்டத்தைக் கிழித்துப் போட்டார்கள். மணியை மட்டும் விட்டுவைத்தார்கள். நேரம் தெரிய வேண்டாமா?

மறுமணி அடித்தது.

"அதனால சாமி, காலையில ஒரு நல்ல நேரமா..."

"தலைப்பாகை எங்கே?"

தளபதி தலையைத் தடவினார். வெறுந்தலை. வாள் தரையில் கிடந்தது. கக்கத்தில் துணி கசகசத்தது.

"அடப்பாவி!" என்றார் தன்னைப் பார்த்தே. பிறகு, "ஐயோ சடையா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அழுது முடித்ததும் தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

தளபதி வாளை எடுத்தார். "இப்பவே போய் அந்த மணியை உடைக்கிறேன்."

"வேண்டாம். அதைக் கேட்டுத்தானே அவன் கரையேறுறான்? நல்லா அடிக்கட்டும்."

"பசங்க கை நம்ம பேச்சைக் கேக்கணுமே! உங்களுக்கென்ன, நீங்க எல்லாத்தையும் விட்டவர்."

சாமி கையைத் தூக்கினார். கக்கத்திலிருந்து அவருடைய துண்டு விழுந்தது.

இருவரும் துண்டையே பார்த்தார்கள். முதலில் சிரித்தது சாமிதான்.

"பூசை மணி உள்ளே இருக்கு, எடுத்துட்டு வாங்க. முதல்ல நீங்க அடிங்க, நான் குனியாம நிக்கிறேன். அப்புறம் நான் அடிக்கிறேன். பழகினதும் கீழே போய்ப் பசங்களைப் பழக்குங்க."

அன்று சாயங்காலம்வரை மலையிலும், அதற்குப் பிறகு கரையிலும் மணிச்சத்தம் ஓயவில்லை.

மறுநாள் உச்சிவேளை. துரை மாளிகை மணி அடித்தது. கப்பலிலிருந்து படகுகள் அவசரமே இல்லாமல் கிளம்பி வந்தன.

மணல்மேட்டுக்குப் பின்னால் அத்தனை கைகளும் பரபரத்தன. தளபதியின் கையும் பாதிவரை எழுந்துவிட்டது. அத்தனை பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

எழுந்த கை தலைப்பாகையை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு வாளுக்கு வந்தது.

"வரட்டும்டா, கிட்ட வரட்டும்."

அன்றைக்கு மறுமணி அடிக்கவில்லை. மணியடிப்பவன் கயிற்றை விட்டுவிட்டு, தலைப்பாகையும் துப்பாக்கியுமாகக் கரைக்கு ஓடி வந்துகொண்டிருந்தான்.