பேரிக்காய்ப் படத்தின் வாசம்

இதை எனக்கு முதலில் சொன்னவர், புதுச்சேரியில் என்னோடு பணியாற்றிய தையல் ஆசிரியை பிலோமினா.

மிராசுதார் சிவப்பிரகாசத்தின் வீட்டில் சவரியம்மாள் பாத்திரம் துலக்கி வந்தாள். அவளுடைய காலஞ்சென்ற தாய்க்கு ஒரு பிரெஞ்சுச் சீமாட்டி கொடுத்துச் சென்ற பேரிக்காய் ஓவியம், மிராசுதாரிடம் அடகில் இருந்தது. அது விலைமதிப்பற்ற இம்ப்ரெஷனிச ஓவியம் என்று தெரிந்ததும், கடனை அடைக்க வந்தவளிடம், "எந்தப் படம்? எந்தக் கடன்?" என்று கைவிரித்துவிட்டார்.

படத்தை விலைக்கு வாங்கும் முன், அது யார் யார் கைமாறி வந்தது என்று விசாரிக்கப் பாரிஸிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். ஊர்ப் பெரியவர்களும் மிராசுதார் வீட்டுக் கூடத்தில் கூடினர்.

"என் பாட்டனார் வாங்கியது. அன்று முதல் இந்தக் கூடத்தை விட்டு நகரவில்லை. இவளே சாட்சி!" என்ற மிராசுதார், "மாற்றிச் சொன்னால் உனக்கு வேலை இல்லை" என்று அவள் காதோரம் உறுமினார்.

சவரியம்மாள் படத்தின் பின்பலகையை முகர்ந்தாள்.

"ஐயா சொல்வது மெய்தான், துரை. இந்தக் கூடத்தில் நெடுங்காலம் கருவாடு வறுத்திருக்கிறார்கள். பலகையெல்லாம் அந்த வாசம் ஊறிக் கிடக்கிறதே!"

நிபுணரும் முகர்ந்து தலையசைத்தார். பெரியவர்கள் திடுக்கிட்டனர். பரம்பரைச் சைவம் என்று மார்தட்டும் வீடல்லவா அது!

"என் வீட்டிலா கருவாடு?" மிராசுதார் துள்ளி எழுந்தார். "அடி பாவி! உன் ஆத்தாள் அடுப்படியில் இருபது வருஷம் தொங்கி ஏறிய நாற்றமடி அது!"

நிபுணர் தம் குறிப்பேட்டைத் திறந்தார்.

"எழுதிக்கொள்ளுங்கள், துரை. சீமாட்டி, என் தாய், பிறகு நான்" என்றாள் சவரியம்மாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அத்தனை பேர் முன்னிலையில் அடகுப் பணத்தை மிராசுதாரின் கையில் வைத்தாள்: எழுநூற்று முப்பது ரூபாய்.