செங்கமலத்தின் கௌரவம்

மருதங்காட்டுக் குளக்கரையில் குட்டி விலங்குகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மதியமானால் கரடி தினைச்சோறு ஆக்கிப் போடும். காசு வேண்டாம். எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே பந்தி.

செங்கமலம் என்ற பெண் நரிக்கு அது பொறுக்கவில்லை. தன் மகன் முயல்குட்டியோடு தோள் உரசிச் சாப்பிடுவதா?

"ஓசிச்சோறு! அதை இல்லாததுகள் தின்னட்டும். நாம் சிங்கராஜா வீட்டு விருந்துக்குப் போகிறவர்கள். நீ அந்தச் சோற்றில் வாயே வைக்கக்கூடாது!" என்று மகனை மிரட்டியது.

அதோடு விட்டதா? பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று ஊளையிட்டது.

"சும்மா போட்டால் பிள்ளைகள் சோம்பேறி ஆகிவிடும்! அடுப்பை அணையுங்கள்!"

முயல் வெள்ளச்சி கெஞ்சியது. "அக்கா, விடிந்ததும் நான் இரை தேடப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவேன். என் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வேளைதான் நிச்சயம்!"

"பெற்றால் மட்டும் போதுமா? சோறு போடவும் துப்பு வேண்டும்!"

மான் தலையாட்டியது. எங்கே தன்னையும் ஏழை என்று நினைத்துவிடுவார்களோ என்று குரங்கும் தலையாட்டியது. அடுப்பு அணைந்தது.

முயல்குட்டிகள் பள்ளியை விட்டுத் தாயோடு புல் தேடப் போயின. சில நாளில், பாடம் நடக்கும்போதே நரிக்குட்டி மயங்கி விழுந்தது.

செங்கமலம் அலறிக்கொண்டு ஓடிவந்தது. செய்தி கேட்டு மற்றவர்களும் கூடிவிட்டார்கள்.

"ஐயோ, வீட்டில் வயிறு முட்டத் தின்கிறானே! யாரோ கண் வைத்துவிட்டார்கள்!"

குட்டி மெல்லக் கண் திறந்தது. "என்னத்தைத் தின்றேன் அம்மா? சிங்கம் எறிந்த எலும்பைத்தானே நக்குகிறோம்! முயலண்ணன்தான் தினமும் தன் இலையில் பாதி கொடுத்தான். இப்போது அவனும் வருவதில்லை!"

மான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. குரங்கு பொத்திக்கொள்ளாமலே சிரித்தது.

"ராஜா வீட்டு விருந்தாம் விருந்து! தூ!" என்றது.

கரடி யாரையும் கேட்கவில்லை. மறுபடி அடுப்பை மூட்டியது. வெள்ளச்சி முதல் கவளத்தை நரிக்குட்டிக்கு ஊட்டிவிட்டது. குட்டி இன்னும் கொஞ்சம் கேட்டது.

செங்கமலமும் ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. குளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு முணுமுணுத்தது: "ஆனாலும் உப்பு கொஞ்சம் குறைச்சல்தான்!"

பெற்றவர்களின் வறட்டுக் கௌரவம் முதலில் காயப்போடுவது பிள்ளைகளின் வயிற்றைத்தான்.