பாட்டிலைச் சுற்றி ஒரு கோடு

ஒரு பொருளைச் செய்வதால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் என்ன கெடுதல் என்று அளக்கச் சொல்லிக்கொடுப்பவர் தமயந்தி. வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் வந்து சேர்ந்த சிவசைலத்துக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. பிளாஸ்டிக் பாட்டில் ஊதும் மெஷினோடு பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இனி அளக்கக் கற்றுக்கொள்வோம் என்று வந்தவர். நரைத்த சீடர் என்று தென்காசியில் சிலர் கேலி பேசினார்கள். சைலம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அவங்க எனக்குக் குரு" என்று போகிற இடமெல்லாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்.

அவர் முதன்முதலாகத் தனியாகச் செய்த மதிப்பீடு, ஒரு குளிர்பானக் கம்பெனியின் பாட்டில் தொழிற்சாலை. கரண்ட், தண்ணீர், கழிவு எல்லாவற்றையும் அளந்தார். கெடுதல் ரொம்பக் குறைவு என்று வந்தது. கம்பெனிக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. 'பூமிக்குக் கேடு செய்யாத பாட்டில்' என்று லேபிளில் அச்சடித்து, மதிப்பிட்டவர் சிவசைலம் என்று கீழே பெயரும் போடுவதாகச் சொன்னார்கள். ஊரில் உள்ள பெட்டிக்கடைகளிலெல்லாம் தன் பெயர் நிற்கப்போகிறது! அவர் மனைவி சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லி முடித்துவிட்டார்.

தமயந்தியிடம் ஒரு வழக்கம் உண்டு. மதிப்பீடு வெளியே போகும் முன்பு, அளந்த பொருளை அவர் பாடம் நடத்தும் கூடத்துத் தரையில் வைக்க வேண்டும். எதிலிருந்து எதுவரைக்கும் அளந்தோம் என்று சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டுக் காட்ட வேண்டும்.

சைலம் பாட்டிலை வைத்தார். சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, வட்டத்துக்கு வெளியே தள்ளி நின்றார். அழகான வட்டம்.

"இது ஃபாக்டரி காம்பவுண்டு, மேடம். உள்ள நடக்கிறது எதையும் விடலை."

தமயந்தி மேசையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். விரல் நீளம்தான் இருக்கும். வாயில் மூடி திருகும் மரை. பாட்டிலாக ஊதப்படும் முன்பு பாட்டில் இப்படித்தான் இருக்கும்.

"இது எங்க செய்யுறது, சார்?"

"வேற கம்பெனியில. லாரியில வரும்."

தமயந்தி குழாயை வட்டத்துக்கு வெளியே வைத்தார்.

"அதுக்கும் முந்தி?"

"எண்ணெய்க் கிணறு, ரிஃபைனரி... அதெல்லாம் எங்கயோ இருக்கு, மேடம்."

"குடிச்சு முடிச்ச பாட்டிலு?"

"அது குடிச்சவங்க பாடு."

தமயந்தி பாட்டிலையும் எடுத்து வெளியே வைத்தார். வட்டம் காலியாகக் கிடந்தது.

"அப்போ உள்ள என்னதான் நடக்கு?"

"குழாயைச் சூடு பண்ணி... காத்து ஊதுறோம்."

"காத்தை நல்லா அளந்திருக்கீங்க, சார்."

சைலத்தின் முகம் செத்துப்போனது.

"மறுபடியும் அளக்கேன், மேடம்."

"லேபிள்ல பேரு வராது."

"வராட்டிப் போகுது."

போனார். குழாய் செய்யும் கம்பெனி வாசலில், உள்ளே விடும்வரை நகராமல் நின்று, பிறகு அளந்தார். எண்ணெய்க்கும் லாரிக்கும் கணக்குத் தேடினார். சிற்றாற்றுப் பாலத்தடியில் முழங்கால் சேற்றில் இறங்கி, அடைத்துக் கிடந்த பாட்டில்களையும் அளந்தார். முதலில் வந்ததைப்போல இந்த முறை முடிவு இனிப்பாக வரவில்லை; கெடுதல் ரொம்ப அதிகம். கம்பெனிக்காரர், "இதையெல்லாம் உங்களை யார் கேட்டா?" என்று மதிப்பீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லும் வேலை மனைவி தலையில் விழுந்தது.

சைலம் மறுபடி கூடத்துக்கு வந்து பாட்டிலை வைத்தார். சாக்பீஸை எடுத்தார். வாசலில் தொடங்கிய கோடு படியிறங்கியது, தெருவோடு போனது, சாக்கடை ஓரமாகத் திரும்பியது, கட்டடத்தையே வளைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். வியர்த்து வழிய உள்ளே வந்தவர், பையிலிருந்து தான் தண்ணீர் குடிக்கும் பாட்டிலையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

தமயந்தி அந்த இரண்டு பாட்டிலையும் பார்த்தார். குருவின் முகத்தில் பெருமையைச் சைலம் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க, சார்."

"பேரு வரும்னு சொன்னப்போ சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா யார் என்ன கேட்டுருவாங்களோன்னு உள்ளுக்குள்ள ஒரே படபடப்பு. இப்போ கம்பெனி வேண்டாம்னுட்டு. பேரும் இல்லை. ஆனா நெஞ்சு நிமிந்து நிக்குது. இது எப்படி?"

தமயந்தி சிரித்தார்.

"அன்னைக்குக் கோட்டைப் போட்டுட்டு எங்க நின்னீங்க, சார்?"

சைலம் குனிந்து தன் காலைப் பார்த்தார். இன்றைக்கு அது கோட்டுக்கு உள்ளே இருந்தது.