நிறுத்து என்றான் சடையாண்டி

கொட்டாவிப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறும் அதுதான். ஒருமுறை நர்ஸம்மா வந்து, "தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கொதிக்கக் கொதிக்கக் குடித்தார்கள். அடுத்த தடவை அவர் வந்து "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டபோது, வெந்த நாக்கை வைத்துக்கொண்டு ஊரே தலையை மட்டும் ஆட்டியது. எவ்வளவு அடக்கமான ஜனங்கள் என்று அந்தம்மா மெச்சிவிட்டுப் போனார்.

அந்த ஊரில் ஆம்பளைகள்தான் முதலில் சாப்பிடுவார்கள். அவர்கள் ஏப்பம் விட்டு எழுந்து கை கழுவின பிறகு, பெண்கள் சட்டியைச் சுரண்டிக்கொள்ள வேண்டியது. சடையாண்டியின் பெண்டாட்டி வெள்ளைத்தாயி, வாழ வந்த நாளிலிருந்து அடிப்பிடித்த சோற்றையும் ஆறின குழம்பையும் தவிர ஒன்றையும் கண்டதில்லை. ஒருநாள் அவள் கரண்டியைத் தூக்கிக் கீழே போட்டாள்.

"இந்தா பாரு மாமா, எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம். ஞாயித்துக்கிழமை கோழி அடிக்கிறோம்ல, அன்னைக்கு ஆவி பறக்கப் பறக்க நான் மொதல்ல உக்காந்து திங்கணும். இல்லேன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு நாரணம்பட்டிக்கு எங்காத்தா வீட்டுக்குப் போயிருவேன். பாத்துக்க!"

வெள்ளைத்தாயி மேல் சடையாண்டிக்கு உயிர். அதோடு அவள் இல்லாவிட்டால் வீட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. கூட்டாளிகளிடம் ஓடினான். மொக்கராசும் ஒச்சப்பனும் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்கள்.

"கடைசியா சாப்பிடுறதுதானே தங்கச்சிக்குக் கஷ்டம்?" என்றான் மொக்கராசு.

"ஆமா."

"அப்ப அந்தக் கடைசிச் சாப்பாட்டை எடுத்துரு. கடைசியா சாப்பிடவே வேண்டியதில்லைல்ல?"

ஒச்சப்பன் வெகுநேரம் தாடையைச் சொறிந்து யோசித்துவிட்டு, "இதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாதுப்பா" என்றான். அன்றைக்கு வெள்ளைத்தாயி பட்டினி கிடந்தாள்.

இந்த லட்சணத்தில்தான் சனிக்கிழமை சாயங்காலம் டவுனிலிருந்து ஒரு நாடகக் குழு வந்து இறங்கியது. தலைவி மதிவதனி, ஜோல்னாப் பை, கணீர்க் குரல். பள்ளிக்கூடத்துத் திடலில் ஊரைக் கூட்டி வைத்து விளக்கினாள்.

"இது சும்மா பாத்துட்டுப் போற நாடகம் இல்ல. நீங்களும் சேந்து நடிக்கிற நாடகம். அநியாயம் நடக்குதுன்னு தோணினா 'நிறுத்து'ன்னு சத்தமாச் சொல்லுங்க. மேடைக்கு வாங்க. கஷ்டப்படுற ஆளை எந்திரிக்கச் சொல்லிட்டு, அவங்க இடத்துல நீங்க உக்காருங்க. அந்த இடத்துல இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்களோ, அதைப் பண்ணுங்க. நாடகத்தை நீங்களே மாத்தலாம்!"

நாடகம் ஆரம்பித்தது. புருஷன் வேஷக்காரன் வளைத்துக் கட்டிச் சாப்பிட்டான். பெண்டாட்டி வேஷக்காரி பக்கத்தில் பசியோடு நின்றாள். அவன் எழுந்ததும் அவள் சட்டியின் முன் குந்தி முகத்தைப் பொத்தி அழுதாள். சடையாண்டிக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல ஆகிவிட்டது. அப்படியே வெள்ளைத்தாயி!

"நிறுத்து!" என்று கத்திக்கொண்டு மேடையேறினான். வேஷக்காரியை எழுப்பிவிட்டு, அவள் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். நடிகர்கள் பிறகு சாப்பிட வைத்திருந்த நிஜப் புளிச்சோறு, பாதிச் சட்டிக்கு இருந்தது. தான் என்ன பண்ணுவோம் என்று யோசித்தான். பசித்தது. சாப்பிட்டான்.

கூட்டம் கைதட்டியது. "நிறுத்து!" என்று மொக்கராசு ஏறினான். அவனுக்கும் பசி. அடுத்து ஒச்சப்பன். பிறகு ஊரிலுள்ள ஆம்பளைகள் முக்கால்வாசிப் பேர் வரிசை கட்டி ஏறி, பெண்களின் கஷ்டத்தை வாய் நிறைய அனுபவித்துவிட்டு இறங்கினார்கள். நடிகர்களுக்கு அன்று ராச்சாப்பாடு இல்லை. ஆனாலும் மதிவதனிக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை ஊரில் நாடகம் போட்டிருக்கிறாள், இத்தனை ஆம்பளைகள் பெண்ணின் இடத்தில் வந்து உட்கார்ந்ததே இல்லை.

"இதே மாதிரி வீட்லயும் செய்ங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். கடைசி வரிசையில் இருந்த வெள்ளைத்தாயி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கோழிக் குழம்பு. நாடகத்தில் புருஷன் முதலில் சாப்பிட்டான் அல்லவா? சடையாண்டியும் அதன்படியே முதலில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்தான். வெள்ளைத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு, ஒளித்து வைத்திருந்த ஒரே ஒரு கால் துண்டைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நிறுத்து!"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சடையாண்டி கண்ணீரும் கம்பலையுமாக நின்றான்.

"நீ படுற கஷ்டத்தை என்னால பாக்க முடியல புள்ள. எந்திரி. உன் இடத்துல நான் உக்காருறேன்."

உட்கார்ந்தான். கால் துண்டு போயே போய்விட்டது. அந்த நேரத்தில் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு "நிறுத்து! நிறுத்து!" என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெயில் தாழ ஆம்பளைகள் தண்ணீர்த் தொட்டியருகே கூடினார்கள். ஒருவனாலும் குனிய முடியவில்லை.

"பொம்பளையாப் பொறக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லப்பா" என்றான் மொக்கராசு, வேட்டியைத் தளர்த்திக்கொண்டே. "ரெண்டு தடவ சாப்பிட வேண்டியிருக்கு."

"இத்தனை வருஷமா எப்படித்தான் தாங்குச்சுகளோ, பாவம்" என்று ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நல்ல காரியம் செய்த நிம்மதியில் வீட்டுக்குத் திரும்பிய சடையாண்டி, வாசலிலேயே நின்றுவிட்டான். வெள்ளைத்தாயி துணி மூட்டையோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"போறேன். நீயே ஆக்கி நீயே தின்னு!"

எதை நினைத்துப் பயந்தானோ அது நடந்துகொண்டிருந்தது. அவள் போய்விட்டால் அவன் என்ன ஆவான்? அப்போதுதான் அவள் அழுவது அவன் கண்ணில் பட்டது. கஷ்டப்படுகிற ஆள்!

"நிறுத்து!" என்றான். மூட்டையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். "உன் இடத்துல நான் நிக்கிறேன். என் இடம் காலியா இருக்கு, இனி நீதான் சடையாண்டி. உள்ள போ."

அவள் இடத்தில் இருந்தால் என்ன செய்வான்? ஆத்தா வீட்டுக்குப் போவான். மூக்கைச் சிந்திக்கொண்டே நாரணம்பட்டி பஸ்ஸில் ஏறினான். வெள்ளைத்தாயி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் உலையை வைத்தாள்.

நாரணம்பட்டியில் மாமியார் ஓடி வந்தாள். "வாங்க மாப்ள! எங்க, வெள்ளை வரலியா?"

"நாந்தான் ஆத்தா உன் மக வெள்ளை. புருசன் சோறு போடல. கோவிச்சுக்கிட்டு வந்துட்டேன்."

மாமியார் அவனை மேலும் கீழும் பார்த்தாள். மகள் சொல்லி அழுத கதையெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. "அந்தக் கட்டையில போறவன் உருப்படுவானா?" என்றாள்.

"உருப்பட மாட்டான் ஆத்தா. வயிறு ஒண்ணுதான் அவனுக்கு" என்று சடையாண்டியும் விசும்பினான்.

"சரி, எங்க போயிரப் போற? அப்பாவும் அண்ணமாரும் சாப்பிட்டு எந்திரிக்கட்டும். மிச்சமிருந்தா உனக்குத்தான்."

மிச்சமிருந்தது அடிப்பிடித்தது மட்டும்தான். "நிறுத்து!" என்று அவன் கத்திப் பார்த்தான். அந்த ஊரில் யாரும் அந்த நாடகத்தைப் பார்த்ததில்லை. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் சடையாண்டிக்குக் கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

கோவித்துக்கொண்டு போன பெண்டாட்டியைப் புருஷன்தானே போய் அழைக்க வேண்டும்? வெள்ளைத்தாயி மல்லிகைப்பூவும் அல்வாவுமாக வந்தாள். ஒரு வாரச் சுடுசோறு அவள் முகத்தில் தெரிந்தது. சடையாண்டி பூவை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு முறுக்கிக்கொண்டான்.

"இனிமே வெள்ளைத்தாயிதான் மொதல்ல சாப்பிடணும். சூடா. சத்தியம் பண்ணு, வர்றேன்."

வெள்ளைத்தாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு சத்தியம் செய்தாள்.

வீட்டில் கோழிக் குழம்பு தயாராக இருந்தது. இலை போட்டதுதான் தாமதம், சடையாண்டி அதன் முன் உட்கார்ந்துவிட்டான். "வெள்ளைத்தாயிக்கு மொதல்ல! சத்தியம் பண்ணிருக்க!" என்று கையை நீட்டினான். அடப்பாவி, மறுபடியும் முதலில் இருந்தா என்று வெள்ளைத்தாயிக்குத் தலை சுற்றியது. கரண்டி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது.

"நிறுத்து!" என்றாள். "பாவம் இந்த வெள்ளைத்தாயி, அடிச்சோறு தின்னு தின்னு துரும்பா எளைச்சுப் போனா. எந்திரி. அவ இடத்துல நான் உக்காருறேன்."

விதி விதிதானே. எழுந்துவிட்டான். "அப்ப நான் சடையாண்டி இடத்துல..."

"அதுவும் நாந்தான். மூட்டையத் தூக்கும்போது நீதானே குடுத்துட்டுப் போன?" என்று சொல்லிக்கொண்டே அவள் இன்னொரு இலையைப் போட்டு அதிலும் சோற்றைப் போட்டாள்.

சடையாண்டி குழம்பிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் போனான். மொக்கராசும் ஒச்சப்பனும் நெற்றியைச் சுருக்கி ஆராய்ந்தார்கள். சடையாண்டி உள்ளே இருக்கிறான். வெள்ளைத்தாயியும் உள்ளே இருக்கிறாள். அப்படியானால் வெளியே நிற்கிற இந்த ஆள் யார்?

"விருந்தாளி" என்று முடிவு சொன்னான் ஒச்சப்பன். "வேற வழியே இல்ல."

விருந்தாளி காலைக் கழுவிக்கொண்டு தன் வீட்டு வாசலில் வந்து நின்று, மரியாதையாகக் கதவைத் தட்டினான். "வீட்ல யாருங்க? வெளியூர் ஆளு, பசிக்குது."

"உக்காருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வாய் நிறையச் சோறு இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை. "வீட்டுக்காரங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. முடிஞ்சதும் கூப்பிடுறேன்."

அவன் படியில் உட்கார்ந்தான். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். ஜோடியாகப் போட்டிருந்த இரண்டு இலையிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது. துணைக்கு வந்த மொக்கராசிடம் நெகிழ்ந்துபோய்ச் சொன்னான்:

"நல்ல குடும்பம்ப்பா. புருசனும் பொண்டாட்டியும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறாங்க."