முகப்பில் நின்றவன்

வேதவல்லி வீட்டுப் பழைய கம்ப்யூட்டருக்குள் ‘வீடு’ என்ற பெயரில் ஒருத்தி குடியிருந்தாள். அவள் ஒரு ஃபோல்டர். யார் கண்ணிலும் படாத உள்ளறை மூலையில், பன்னிரண்டு வருடச் சுமையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணப் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், யார் யாரோ அனுப்பிய பொங்கல் வாழ்த்துகள். எல்லாவற்றுக்கும் அடியில் பதினோரு நிமிடக் குரல் ஒன்று.

அது வேதவல்லியின் இறந்துபோன கணவர் மாசிலாமணியின் குரல். மகன் சேரலாதன் புது மைக்கைச் சோதித்த நாளில் அவருக்குத் தெரியாமல் பதிவானது. தண்ணீர்த் தொட்டியை மூடாமல் விட்டதற்காக மனைவியைத் திட்டிக்கொண்டே இருப்பார். நடுவில் ஒரே ஒருமுறை சிரித்துவிடுவார். அந்தக் குரல் உலகத்தில் வேறு எங்கும் இல்லை. அதனால் ஃபோல்டர் அதைக் கைக்குழந்தை போல வைத்திருந்தாள்.

அதே பெயரில் இன்னொருவனும் இருந்தான். திரையின் முகப்பில், காலடியில் ஒரு சின்ன வளைந்த அம்புக்குறியோடு நிற்பான். ஷார்ட்கட் என்பார்கள். அவனிடம் ஒன்றும் கிடையாது. யாராவது தட்டினால் உள்பக்கம் திரும்பி, “அக்கா, கூப்பிடுறாங்க!” என்று ஒரு சத்தம் கொடுப்பான். அவள் ஓடிவந்து கதவைத் திறப்பாள். வந்தவர்கள் படங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். அவள் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ‘வீடு’ என்றால் அவர்களுக்கு முகப்பில் நிற்பவன்தான்.

புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதில் இருப்பதை அதற்கு மாற்ற, சேரலாதன் பழைய கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் சொருகினான். முகப்பில் இருந்த ‘வீடு’ மேல் மவுஸை வைத்து இழுத்தான்.

“பேர் என்னப்பா?” என்றது பென் டிரைவ்.

“வீடு.”

“என்னய்யா, பஞ்சு மாதிரி இருக்கே! பன்னிரண்டு வருசச் சாமான் வருதுன்னு சொன்னாங்க?”

“உடம்பைக் கட்டா வச்சிருக்கேன். ஏத்திக்குங்க.”

உள்ளறையிலிருந்து ஃபோல்டர் பதறிக்கொண்டு கத்தினாள். “அண்ணே, அவன் வெறும் ஆளு! எல்லாம் என்கிட்ட இருக்கு. என்னை விட்டாலும் விடுங்க, இந்தக் குரலையாவது வாங்கிக்குங்க!”

“அம்மா, தம்பி எதைத் தொட்டு இழுத்தாரோ அதைத்தான் நான் ஏத்தணும். உள்ளே இருக்கிறவங்களை எனக்குப் பழக்கமில்லை.”

கண் இமைப்பதற்குள் வேலை முடிந்தது.

“வந்துடுச்சும்மா,” என்றான் சேரலாதன்.

சமையலறையிலிருந்து வேதவல்லி ஈரக் கையோடு வந்தாள். “அதுக்குள்ளேயா? ஒரு அலமாரியை ஒழிக்கவே எனக்கு ரெண்டு நாள் ஆகுது. அத்தனையும் எப்படிடா ஒரு நொடியில வரும்?”

“புதுப் பென் டிரைவ்மா. வேகம்.”

“எனக்கென்னவோ மனசு கேக்கலை.”

“உனக்கு என்னைக்குத்தான் மனசு கேட்டிருக்கு? ஏழாங்கிளாஸ்ல நின்னுட்டு எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்காதே.”

“நான் நின்னேன், நீ படிச்சே. சரி. அப்பா பேசினது வந்திருக்கான்னு தொறந்து காட்டு. அது போதும்.”

உள்ளே இருந்தவளுக்கு உயிர் வந்தது. இப்போது குட்டு உடைந்துவிடும். திறந்து காட்ட அந்த ஷார்ட்கட்டிடம் என்ன இருக்கிறது?

சேரலாதன் பென் டிரைவில் ஏறியிருந்த ‘வீடு’ மேல் தட்டினான். ஷார்ட்கட்டுக்கு வியர்த்துவிட்டது. ஆனால் பென் டிரைவ் இன்னும் பழைய கம்ப்யூட்டரில்தான் சொருகியிருந்தது. அவன் அங்கிருந்தே திரும்பிக் கத்தினான்.

“அக்கா! கூப்பிடுறாங்க அக்கா!”

அவளுக்குப் புரிந்தது. இந்த ஒரு தடவை எழுந்திருக்காமல் இருந்தால் போதும். கதவு திறக்காது. மகன் திடுக்கிடுவான், தேடுவான், உள்ளறைவரை வருவான், அவளைக் கண்டுபிடிப்பான். குரல் பிழைத்துவிடும். ‘உட்காரு, அசையாதே’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெளியே வேதவல்லி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா!”

பன்னிரண்டு வருடமாகக் கூப்பிட்டால் எழுந்த கால்கள். மனசு வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவை எழுந்துவிட்டன. கதவைத் திறந்தாள்.

“தொட்டியை மூடித் தொலைக்க உனக்கென்ன கேடு...” என்று மாசிலாமணி ஆரம்பித்தார்.

“இருக்கு, இருக்கு,” என்று வேதவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“இப்ப நம்புறியா?” என்றான் மகன்.

பென் டிரைவுக்குள்ளிருந்து ஷார்ட்கட் சொன்னான்: “பெரிய உதவி அக்கா. உன்னை மாதிரி ஒரு ஆள் கிடைக்காது.”

மறுநாள் காலையில் பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து யாருக்கோ கொடுக்க ஏற்பாடு. அது பண்புள்ள கம்ப்யூட்டர். “எல்லாவற்றையும் அழிக்கவா?” என்று கேட்டது. சேரலாதன் “சரி” என்றான். “திரும்பக் கிடைக்காது, அழிக்கவா?” என்று இன்னொரு முறையும் கேட்டது. அதற்கும் “சரி” என்றான்.

உள்ளறையில் அவள் குரலின் மேல் குனிந்து, தன் உடம்பால் மூடிக்கொண்டாள். அதனால் ஒரு பயனும் இல்லை. கல்யாணப் படங்கள் போயின, சீட்டுகள் போயின. கடைசியில், மடியில் சிரித்துக்கொண்டிருந்தவரோடு அவளும் போனாள்.

புதுக் கம்ப்யூட்டரில் ஷார்ட்கட்டுக்கு முகப்பில் முதல் வரிசையில் இடம். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் பெயர் கேட்டார்கள். “வீடு” என்றான். “அப்படியா, வாங்க வாங்க” என்று மரியாதையாக நகர்ந்து நின்றார்கள்.

நான்கு நாள் கழித்து வேதவல்லி வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “அப்பாவைப் போடுடா.”

சேரலாதன் தட்டினான். ஷார்ட்கட் திரும்பி, “அக்கா!” என்றான். இன்னொரு முறை தட்டினான். “அக்கா, கூப்பிடுறாங்க!” என்றான். அவனுக்குப் பின்னால் பளபளவென்று காலியாக இருந்தது.

“என்னடா, வரலையா?” என்றாள் வேதவல்லி. “அன்னைக்கே எனக்கு மனசு கேக்கலைன்னு சொன்னேனே.”

“சும்மா இரும்மா. ‘வீடு’ன்னு பேரு இதோ இருக்கு பாரு. எங்கே போயிடும்?” என்று சொல்லிவிட்டு அவன் மறுபடியும் தட்டினான்.