இடது பக்கம் மட்டும்

ஈரோட்டில், பெருந்துறை ரோட்டை ஒட்டி ஒரு பட்டறை இருக்கிறது. பட்டறை என்றதும் கரியும் எண்ணெயுமாகக் கிடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி வைத்திருப்பார்கள். வெயில் என்ன கொளுத்தினாலும் ஃபேன் கிடையாது. கார்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத பிலிம் ஒட்டுகிற இடம் அது. வண்டியின் பெயின்ட் மேல் இன்னொரு தோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் தெறித்தாலும், முள் உரசினாலும், காயம் அந்தத் தோலோடு போய்விடும்.

பட்டறையின் மாஸ்டர் பூங்கோதை. வயது முப்பத்து நாலு. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த சென்னியப்பனுக்கு நாற்பத்தேழு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை வைத்திருந்தவன். கடை படுத்துப்போனதும் இங்கே வந்து சேர்ந்தான். ஊரில் பாதிப் பேர் போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டிய கை. 'போனைக் கொஞ்சம் பெரிசு பண்ணினா காரு, இதுல என்ன இருக்கு' என்றுதான் வந்தான். வந்த வாரமே ஒரு பானெட்டில் அம்மை போட்ட மாதிரி குமிழி குமிழியாக ஒட்டிவைத்தான். இருந்த பெருமையில் பாதி அன்றைக்குக் கரைந்தது. மீதிப் பாதி பத்திரமாக இருந்தது.

அவள் அவனை அண்ணா என்பாள். அவன் அவளை மாஸ்டர் என்பான். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை விட வருகிறவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு நழுவ முடியாது. வண்டிமேல் கையை வைத்தபடி ஒரு சுற்று வர வேண்டும். எங்கே அடி, எங்கே கீறல், எது எப்படி வந்தது என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நடப்பாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஜனங்களுக்குக் கேட்கவா வேண்டும்? வாசல் தூணில் இடித்ததில் ஆரம்பித்து, மச்சான் கோபித்துக்கொண்டு போனது வரைக்கும் சொல்லி முடிப்பார்கள்.

சென்னியப்பனுக்கு இது சுத்த வெட்டி வேலையாகப் பட்டது. ஒருநாள் கேட்டேவிட்டான்.

"எப்படியும் பாலிஷ் போட்டுக் கீறலையெல்லாம் எடுத்துட்டுத்தான் பிலிம் ஒட்டப் போறோம். இந்தக் கதையெல்லாம் எதுக்குங்க மாஸ்டர்?"

"கேட்டுட்டு வாங்கண்ணா" என்றாள்.

அவனும் கேட்டுக்கொண்டுதான் வந்தான், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

அப்புறம் ஒருநாள் காலை. மாஸ்டர் உள் அறையில் ஒரு வெள்ளை வண்டியின் கூரைக்குப் பிலிம் போட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் விட்டு வர முடியாத வேலை. சோப்புத் தண்ணீர் காய்ந்தால் எல்லாம் போச்சு. அந்த நேரம் பார்த்துக் குணவதியம்மா தன் பழைய மெரூன் நிற வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அறுபதைத் தாண்டியவர். பட்டுச் சேலை, கையில் பை, முகமெல்லாம் கல்யாணத்துக்குப் போகிற அவசரம்.

"தம்பி, இடது பக்கம் மட்டும் பிலிம் போட்டுக் குடுங்க. பின் லைட்டுல இருந்து முன்கதவு வரைக்கும். அந்தப் பக்கந்தான் எனக்கு முக்கியம்."

சென்னியப்பன் இடது பக்கம் போய்ப் பார்த்தான். பின் லைட்டிலிருந்து முன்கதவின் கைப்பிடி வரைக்கும் வெள்ளை வெள்ளையாகக் கீறல். ஒன்றல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரு பட்டையாகவே விழுந்திருந்தது. யாரோ வேண்டுமென்றே பாழ் பண்ணியிருக்கிறார்கள் என்று அவனாகவே முடிவு கட்டினான்.

"வண்டியைச் சுத்தி வந்து சொல்லணும்னு எங்க தங்கச்சி பையன் சொன்னானே?" என்றார் அந்தம்மா.

"அதெல்லாம் வேண்டாங்கம்மா, நான் பாத்துக்கறேன். நீங்க கல்யாணத்துக்குக் கிளம்புங்க, முகூர்த்தம் தப்பிறப் போகுது."

அவர் சிரித்துக்கொண்டே ஆட்டோ ஏறிப் பவானிக்குப் போய்விட்டார்.

பாலிஷ் போடுவதில் சென்னியப்பன் கெட்டிக்காரன். அதை மாஸ்டரே ஒத்துக்கொண்டிருக்கிறாள். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, மெஷினை ஓட்டி, துடைத்துப் பார்த்து, மறுபடி ஓட்டி, உச்சிவெயில் ஏறுவதற்குள் அந்தப் பக்கத்தைப் புதுசாக்கிவிட்டான். குனிந்தால் முகம் தெரிந்தது. தலையைக்கூட அதில் பார்த்து ஒதுக்கிக்கொண்டான். அந்தம்மா வந்து பார்த்தால் அசந்துபோய்விடுவார் என்று நினைக்க அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்போது பட்டறை போன் அடித்தது.

"தம்பி, காலையில வண்டி விட்டுட்டுப் போனனே, குணவதி பேசறேன். ஒட்டியாச்சுங்களா?"

"இனிமேத்தாங்கம்மா."

"மெதுவாவே ஒட்டுங்க. அவசரத்துல ஒண்ணு சொல்லாம வந்துட்டேன். எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில கண்ணு போயிருச்சு. அப்புறந்தான் நான் வண்டி ஓட்டவே பழகினேன். மனுஷன் ரோஷக்காரர். கையைப் புடிச்சா உதறிருவார். பின் லைட்டைத் தொட்டு, அப்படியே தடவிக்கிட்டே முன்கதவுக்கு வந்து, அவரே ஏறி உக்காருவார். கையில மோதிரம். அது உரசி உரசி விழுந்த கோடு தம்பி அது. போன வைகாசியில போயிட்டார். வண்டி கழுவ விட்டா ஒவ்வொருத்தனும் 'பாலிஷ் போட்டு எடுத்துறட்டுங்களா'ன்னு கேக்கறான். எனக்குத் திக்குனு ஆகுது. மேல பிலிம் போட்டுட்டா ஒண்ணும் ஆகாதில்லீங்க?"

"சரிங்கம்மா" என்றான் சென்னியப்பன். போனை வைத்தான். வண்டிப் பக்கமே திரும்பாமல் உள் அறைக்குப் போனான்.

மாஸ்டர் கூரையின் கடைசி மூலையில் தண்ணீரை ரப்பர் பட்டையால் தள்ளிக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். அந்தம்மாவைச் சுற்றி வர விடாமல் அனுப்பியதையும் சேர்த்தே சொன்னான்.

"முழுசா எடுத்துட்டீங்களா?"

"முழுசா எடுத்துட்டனுங்க மாஸ்டர்."

அவள் அந்த மூலையை முடித்துவிட்டுப் பட்டையைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"அதே மாதிரி ஒரு கோட்டை நாமளே போட்டு, மேல பிலிமை ஒட்டிட்டா என்னங்க? அடியில இருக்கறது யாருக்குத் தெரியப் போகுது? அந்தம்மா மனசும் நோகாது."

அந்தம்மாவின் மனசு பாதி, தன் தலை தப்ப வேண்டுமென்பது பாதி. இரண்டும் கலந்துதான் கேட்டான்.

மாஸ்டர் போய் மேஜை டிராயரைத் திறந்தாள். ஒட்டும் வேலையில் மோதிரம் போடக் கூடாது என்று கழற்றி வைத்திருந்த தன் மோதிரத்தை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.

"போடுங்க."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டான். மெரூன் வண்டியின் பின் லைட்டுப் பக்கம் போய்க் குனிந்தான்.

"எங்க ஆரம்பிச்சுது?" என்று மாஸ்டர் கேட்டாள்.

"லைட்டுக்கு மேலங்க. இல்ல, நடுவுல."

"பின்கதவுகிட்ட வரும்போது ஏறுச்சா, இறங்குச்சா?"

அவன் காற்றிலேயே விரலை ஏற்றிப் பார்த்தான், இறக்கிப் பார்த்தான்.

"ஓரோரெடத்துல நின்னு நின்னு வந்திருப்பார். கோடு அங்க தடிமனா இருந்திருக்கும். அது எங்க?"

காலையிலிருந்து அந்தக் கோட்டின்மேல் விளக்கடித்துக்கொண்டு கிடந்தவன் அவன். ஒரு விரற்கடை விடாமல் பார்த்தவன். இப்போது கண்ணை மூடினால் பளபளவென்று சிவப்பு மட்டுந்தான் தெரிந்தது. கோடு வரவில்லை.

"பாத்தீங்கல்ல அண்ணா?"

"பாத்தனுங்க மாஸ்டர்."

மோதிரத்தைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தான். அவள் வாங்கி டிராயரில் போட்டுவிட்டு, வெள்ளை வண்டிக்கே திரும்பப் போனாள்.

சாயங்காலம் குணவதியம்மா தாம்பூலப் பையோடு வந்து இறங்கினார். சென்னியப்பன் வாசலுக்கே போய் நின்றான். மாஸ்டரைக் கூப்பிடவில்லை.

"அம்மா, அந்தக் கோட்டை நான் அழிச்சுட்டேன்."

அந்தம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் மறுபடி சொன்னான். நீங்க போன் பண்றதுக்கு முன்னாடியே அழிச்சுட்டேன், போன்ல சொல்ற தைரியம் வரல என்றும் சொன்னான்.

அவர் பையைத் தரையில் வைத்தார். பின் லைட்டுகிட்டப் போய்க் கையை வைத்தார். அப்படியே தடவிக்கொண்டே நடந்தார். பின்கதவைத் தாண்டி முன்கதவு வரைக்கும் வந்தார்.

"வழுவழுன்னு இருக்கு" என்றார்.

இதற்குத் தன் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம் என்று பட்டது சென்னியப்பனுக்கு.

"நான் காலையிலயே சொல்லியிருக்கணும்" என்றார் அந்தம்மா.

"இல்லீங்கம்மா. நீங்க சொல்லத்தான் வந்தீங்க. நான் உங்களச் சொல்ல விடல."

"இனித் திரும்ப வராதில்லீங்க?"

"வராதுங்கம்மா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அழவில்லை. "அப்புறம் பிலிம் எதுக்கு, சாவியக் குடுங்க தம்பி" என்றார். சாவியை வாங்கி, பையை இடது பக்கத்து சீட்டில் வைப்பதற்காகக் கதவைத் திறக்கப் போனார். கைப்பிடிக்குப் பின்னால் விரல் நுழைகிற குழி இருக்குமல்லவா, அதில் விரலை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

பாலிஷ் மெஷினின் வட்டம் அந்தக் குழிக்குள் போகாது. துணியைச் சுற்றி விரலால்தான் தேய்க்க வேண்டும். கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சென்னியப்பன் அதை விட்டுவைத்திருந்தான். போன் வந்தபின் அந்த ஞாபகமே இல்லை.

அந்தம்மா குனிந்து பார்த்தார். அவனும் குனிந்தான். குழி முழுக்கப் பிறை பிறையாகக் கீறல். மோதிரமும் நகமும் போட்டவை. சின்னப் பிள்ளை சிலேட்டில் கிறுக்கினாற்போல் இருந்தது.

"கைப்பிடியத் தேடுவார்" என்றார் அந்தம்மா. "உடனே கிடைக்காது. நாலஞ்சு தடவ தப்பும். நான் உள்ள ஸ்டியரிங்கப் புடிச்சுட்டுச் சிரிப்பேன். 'சிரிக்காத குணா, வண்டிய எடு'ம்பார், கதவே தொறந்திருக்காது."

சொல்லி முடித்ததும்தான் அழுதார். சென்னியப்பனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தரையைப் பார்த்தான்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மட்டும் ஒட்டிக் குடுங்க தம்பி" என்றார்.

"மாஸ்டர ஒட்டச் சொல்றனுங்கம்மா. குழிக்குள்ள ஒட்டறது கஷ்டமான வேலை. நான் வேண்டாம்."

"நீங்களே ஒட்டுங்க. அது என்னன்னு இப்ப உங்களுக்குத் தெரியுமல்ல."

உள்ளங்கை அளவு பிலிம் போதும். வெட்டி எடுத்தான். சோப்புத் தண்ணீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தான். மாஸ்டர் வந்து கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். அவன் பழக்கத்தில் ஸ்பிரிட் துணியை எடுத்துக் குழிக்கு அருகே கொண்டுபோனான். கை அங்கேயே நின்றது. பிலிம் ஒட்டுகிற எவனும் முதலில் படிக்கிற பாடம், அடியில் ஒரு தூசு இருக்கக் கூடாது என்பது.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"மாஸ்டர், கீறலுக்குள்ள அழுக்கு கறுப்பா அடைஞ்சு கிடக்குதுங்க. அவர் கை அழுக்கு. துடைக்காம ஒட்டினா காலத்துக்கும் உள்ளயே தங்கிரும்."

"தங்கட்டும்" என்றாள் மாஸ்டர். "உங்க கையை மட்டும் நல்லாக் கழுவிட்டு வாங்கண்ணா."